காட்சிவழி நிலைப்பொறிக் கருவிகள்: புதுப்பிப்புகளில் மாறுவதும் மாறக்கூடாததும்

ஓர் அமைப்பு எந்தெந்த நிலைகளில் இருக்கலாம், எந்த நிகழ்வு வந்தால் எந்த நிலைக்கு நகரும், நகரும்போது என்ன செய்யும் என்பதை விடுபடாமல் எழுதிவைக்கும் முறைக்கு நிலைப்பொறி என்று பெயர். இணையத்தில் மின்கட்டணம் கட்டும் பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். படிவம் நிரப்புதல், பணம் அனுப்பப்படுதல், கட்டி முடித்தல், தவறுதல் என நான்கு நிலைகள் அதற்குப் போதும். வழக்கமான நிரலில் இவற்றை ஆம்–இல்லை மாறிகள் நான்காக வைப்பார்கள். நான்கு மாறிகள் சேர்ந்தால் 16 சேர்க்கைகள் வரும். அவற்றில் 12-க்குப் பொருளே கிடையாது. 'அனுப்பப்படுகிறது', 'தவறிவிட்டது' இரண்டும் ஒருசேர உண்மையாகும் நிலை அவற்றில் ஒன்று. பொத்தானை இருமுறை அழுத்தியவரிடம் இருமுறை பணம் பிடிக்கப்படுவது போன்ற பிழைகள் பெரும்பாலும் இந்தப் பொருளற்ற சேர்க்கைகளிலிருந்தே பிறக்கின்றன. நிலைப்பொறியில் 'அனுப்பப்படுகிறது' நிலையிலிருந்து 'கட்டு' என்ற நிகழ்வுக்கு அம்பு வரையாமல் விட்டால், இரண்டாவது அழுத்தத்தால் எதுவும் நடக்காது.

இதைப் பெட்டிகளாகவும் அம்புகளாகவும் திரையில் வரையவிட்டு, வரைந்ததை ஓட்டிக்காட்டி, சரிபார்த்து, நிரலாகவும் மாற்றித் தருபவை காட்சிவழி நிலைப்பொறிக் கருவிகள். விமானம், கார், விளையாட்டு, இணையப் பக்கம், மேகக்கணினிச் சேவை எனப் பல துறைகளில் அவை இன்று புழங்குகின்றன. மற்ற மென்பொருள்களைப் போலவே ஓயாமல் புதுப்பிக்கப்படுகின்றன. புதிய வண்ணங்கள், புதிய ஏற்றுமதி வடிவங்கள், புதிய பலகங்கள் என்று அறிவிப்புகள் வரிசையாக வருகின்றன. ஆனால் இந்த வகைக் கருவியில் ஒரு புதுப்பிப்பின் மதிப்பை முடிவுசெய்வது ஒரே ஒரு கேள்விதான்: வரைந்த படமும் ஓடுகிற நிரலும் ஒரே பொருளைச் சொல்கின்றனவா? கடந்த நாற்பது ஆண்டு வரலாறு முழுக்க இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்களால் ஆனது.

அடிப்படைக் கோட்பாடு மின்சுற்று வடிவமைப்பிலிருந்து வந்தது. ஜார்ஜ் மீலி 1955-லும் எட்வர்ட் மூர் 1956-லும் தங்கள் பெயராலேயே இன்றும் அறியப்படும் இரு வடிவங்களை முன்வைத்தனர். மூரின் பொறியில் வெளியீடு நிலையை மட்டும் பொறுத்தது. மீலியின் பொறியில் நிலையோடு வந்த உள்ளீட்டையும் பொறுத்தது. சிறிய சுற்றுகளுக்கு இவை கச்சிதமானவை. ஆனால் ஒன்றையொன்று சாராத பகுதிகள் கூடக்கூட நிலைகளின் எண்ணிக்கை பெருக்கலில் ஏறும். இரண்டு நிலை கொண்ட ஆறு பகுதிகள் ஒரு கருவியில் இருந்தால், தட்டையான படத்தில் 64 பெட்டிகள் தேவைப்படும். அப்படி ஒரு படத்தை வரைந்து பயனில்லை. யாராலும் அதைப் படிக்க முடியாது.

இந்தச் சிக்கலுக்கு வழி கிடைத்தது இஸ்ரேலில். வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் டேவிட் ஹாரெல், 1980களின் தொடக்கத்தில் இஸ்ரேல் விமானத் தொழிற்சாலையில் லாவி போர்விமானத்தின் மின்னணுப் பிரிவுக்கு ஆலோசகராகச் சென்றார். அங்கிருந்த பொறியாளர்கள் விமானத்தை நன்கு அறிந்தவர்கள். தேவை ஆவணங்களும் தடித்தடியாக இருந்தன. ஆனாலும், இன்ன சூழலில் விமானி இந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்ற எளிய கேள்விக்கு ஒரே உறுதியான பதிலை அந்த ஆவணங்களிலிருந்து எடுக்க முடியவில்லை. 1983-இல் ஹாரெல் உருவாக்கிய ஸ்டேட்சார்ட் முறை அங்கிருந்து பிறந்தது. நிலைக்குள் நிலையை அடுக்கலாம். ஒரு பெட்டியைப் பிரித்து, ஒருசேர இயங்கும் இணைப் பகுதிகளாக்கலாம். வெளியே போய்த் திரும்பும்போது முன்பு விட்ட உள்நிலைக்கே வந்துசேரும்படி நினைவுநிலை வைக்கலாம். மேலே சொன்ன 64 பெட்டிகள் இந்த முறையில் 12-ஆகச் சுருங்கிவிடும். 1987-இல் வெளியான அவரது ஆய்வுக் கட்டுரை ஒரு சிட்டிசன் டிஜிட்டல் கைக்கடிகாரத்தை முழு எடுத்துக்காட்டாக எடுத்து, அதன் அலாரங்கள், மணியொலி, விளக்கு, மின்கலம் அனைத்தையும் ஒரே படத்தில் அடக்கிக் காட்டியது. லாவி விமானத் திட்டம் அதே ஆண்டில் கைவிடப்பட்டது. அதற்காகப் பிறந்த வரைமுறை நிலைத்துவிட்டது.

அழகான படம் மட்டும் போதாது என்பதை ஹாரெலும் அவருடைய கூட்டாளிகளும் சீக்கிரமே உணர்ந்தார்கள். ஓட்டிப்பார்க்க முடியாத படம், கொஞ்ச நாளில் யாரும் நம்பாத படமாகிவிடும். பின்னாளில் டூரிங் விருது பெற்ற அமீர் ப்னுவேலியும் அந்தக் குழுவில் இருந்தார். அவர்கள் நிறுவிய, பிறகு ஐ-லாஜிக்ஸ் என்று பெயர் மாறிய நிறுவனம் ஸ்டேட்மேட் என்ற கருவியைக் கொண்டுவந்தது. அதில் வரைந்த படத்தைத் திரையில் ஓட்டிப்பார்க்கலாம், ஆராயலாம், நிரலாக மாற்றியெடுக்கலாம். இன்றைய கருவிகள் பெருமையோடு அறிவிக்கும் வசதிகளில் பாதிக்கு மேல் ஸ்டேட்மேட்டில் அன்றே இருந்தவைதான். 2007-இல் அமெரிக்கக் கணினிக் கழகமான ஏசிஎம்மின் மென்பொருள் அமைப்பு விருது அதற்குக் கிடைத்தது. அதன் பொருள்நோக்கு வாரிசான ராப்சடி, நிறுவனங்கள் கைமாறி 2008-இல் ஐபிஎம் வசம் சென்றது.

ஸ்டேட்சார்ட் பரவியபோது ஒரு பெரிய குழப்பமும் உடன் பரவியது. படத்தின் வடிவம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அதன் பொருள் பொதுவாக இல்லை. 1994-இல் வான் டெர் பேக் செய்த ஒப்பாய்வு ஏறத்தாழ இருபது ஸ்டேட்சார்ட் வகைகளை வரிசைப்படுத்திக் காட்டியது. ஒரே நிகழ்வுக்கு வெளிநிலையிலிருந்தும் உள்நிலையிலிருந்தும் அம்புகள் புறப்பட்டால் எது வெல்லும் என்பது அவற்றுக்கிடையே இருந்த வேறுபாடுகளில் முக்கியமானது. ஸ்டேட்மேட்டில் வெளிநிலையின் அம்பு வெல்லும். 1997-இல் தரமாக ஏற்கப்பட்ட யூஎம்எல் முறையில் உள்நிலையின் அம்பு வெல்லும். கோடு பிசகாமல் ஒன்றுபோலிருக்கும் இரு படங்கள் இரு கருவிகளில் எதிரெதிராக நடந்துகொள்ளும். ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவருக்கு இதைவிடப் பெரிய கண்ணி இல்லை.

மேத்வொர்க்ஸ் நிறுவனத்தின் ஸ்டேட்ஃப்ளோ இந்தக் கதையில் தனியே நின்று பார்க்க வேண்டிய இடம். கார், விமானக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுபவர்களிடம் மிகுதியாகப் புழங்கும் கருவி இது. அதே நிறுவனத்தின் மாட்லாப் மென்பொருளோடு சேர்ந்து ஆண்டுக்கு இரண்டு பதிப்புகள் வருகின்றன. அதன் பழைய முறையில், ஒரே இடத்திலிருந்து பல அம்புகள் புறப்பட்டால், எதை முதலில் சோதிப்பது என்பதில் அம்பு புறப்படும் இடத்துக்கும் பங்கு இருந்தது. மற்ற விதிகள் சமமாக வந்துவிட்டால், கடிகார முள் சுற்றும் திசையில் வரிசை எடுக்கப்படும். இணை நிலைகளும் மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்ற வரிசையிலேயே இயங்கின. படத்தை அழகாக்க ஒருவர் அம்பின் அடியைச் சற்று நகர்த்தினால் நிரலின் நடத்தையே மாறிவிடக்கூடும். கருவி எந்தத் தவறும் செய்யவில்லை. தன் விதிப்படிதான் நடந்தது. பின்னால் வந்த புதுப்பிப்பு, வரிசையை எண்ணாகப் பயனரே வெளிப்படையாகத் தரும் முறையைக் கொண்டுவந்தது. புதிய படங்களுக்கு இப்போது அதுவே இயல்புநிலை. அறிவிப்பில் ஒரு வரியாகக் கடந்துபோகக்கூடிய மாற்றம் இது. ஆனால் படத்தின் தோற்றத்தையும் அதன் பொருளையும் பிரித்துவைத்த வகையில், பத்துப் புதிய பலகங்களைவிட மதிப்புள்ளது.

பொதுவான பொருளை நிறுவும் முயற்சியாக உலகளாவிய வலைக் கூட்டமைப்பு எஸ்சிஎக்ஸ்எம்எல் என்ற தரத்தை வகுத்தது. தொலைபேசி அழைப்புகளையும் குரல்வழிச் சேவைகளையும் கையாண்ட குழுவிலிருந்து அது வந்தது. முதல் வரைவு 2005-இல் வெளியானது. இறுதிப் பரிந்துரை 2015 செப்டம்பரில்தான் வந்தது. பத்து ஆண்டுகள் எடுத்ததற்குக் காரணம் உண்டு. எந்த அம்பு முந்தும், வெளியேறும் செயல், அம்பின் செயல், நுழையும் செயல் ஆகியவை எந்த வரிசையில் ஓடும், உள்ளே எழும் நிகழ்வு வெளியிலிருந்து வருவதற்கு முன்னால் கவனிக்கப்படுமா என்ற ஒவ்வொன்றுக்கும் அந்த ஆவணம் படிப்படியான செயல்முறையாகவே பதில் எழுதிவைத்திருக்கிறது. அதன் பிறகு எழுந்த கருவிகள் பலவும், அதை முழுதாகப் பின்பற்றாதவைகூட, அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டன.

இணையப் பக்க உருவாக்குநர்களிடம் ஸ்டேட்சார்ட்டைக் கொண்டுசேர்த்தது எக்ஸ்ஸ்டேட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம். டேவிட் கூர்ஷித் தொடங்கிய அந்தத் திறந்தமூலத் திட்டத்தைச் சுற்றி ஸ்டேட்லி என்ற நிறுவனம் உருவானது. அதன் காட்சிவழிக் கருவிக்கு ஸ்டேட்லி ஸ்டுடியோ என்று பெயர். இதன் வளர்ச்சிப் படிகள் நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு நல்ல பாடம். முதலில் இருந்தது வெறும் காட்சிப்படுத்தி: நிரலை ஒட்டினால் படம் தெரியும், படத்தைத் தொட்டு எதையும் மாற்ற முடியாது. அடுத்து வந்தது வரைதளம். படத்தில் பெட்டியை இழுத்துப்போட்டு அம்பு இணைத்தால் நிரல் உருவாகும். விஎஸ் கோட் என்ற நிரல்தொகுப்பானுக்கான நீட்சி வந்த பிறகு, ஒரே திரையில் நிரலும் படமும் அருகருகே திறந்து, ஒன்றில் செய்த மாற்றம் மற்றதில் தெரியும் நிலை வந்தது. பிறகு கிட்ஹப் களஞ்சியத்திலிருந்து நேரடி இறக்குமதி, பலர் சேர்ந்து ஒரே படத்தில் வேலைசெய்தல், பதிப்பு வரலாறு, ஃபிக்மா வடிவமைப்புகளையும் படங்களையும் நிலைகளோடு பொருத்திவைத்தல் எனக் கருவி விரிந்தது. ஜேசன், டைப்ஸ்கிரிப்ட், மெர்மெய்ட் எனப் பல வடிவங்களில் ஏற்றுமதியும் உண்டு.

இவை எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. ஃபிக்மா இணைப்பும் வண்ணங்களும் வடிவமைப்பாளரையும் வாடிக்கையாளரையும் ஒரே படத்துக்கு முன்னால் உட்காரவைக்க உதவுகின்றன, அது பயனுள்ளதுதான். இருவழி ஒத்திசைவு வேறு வகையைச் சேர்ந்தது. படத்திலிருந்து நிரலுக்கு மட்டும் போகும் கருவியில், உருவான நிரலை ஒருவர் கையால் திருத்திய நாளிலேயே படம் பழசாகிவிடும். நிரலிலிருந்து படத்துக்கு மட்டும் வரும் கருவியில், நிரல் எழுதத் தெரியாதவர் வெறும் பார்வையாளர். இரண்டு திசையிலும் போய்வந்தால்தான் படம் ஆவணமாகத் தேங்காமல் மூலமாகவே இருக்க முடியும். செய்து முடிக்க மிகக் கடினமான வசதியும் இதுவே. நிரலில் இருக்கும் குறிப்புரைகள், பெயர் தந்த செயற்கூறுகள், ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு வரும் இறக்குமதிகள் எதையும் சிதைக்காமல், படத்தில் செய்த ஒரு சிறு மாற்றத்தை மட்டும் உரிய வரியில் எழுத வேண்டும். பெட்டி திரையில் எங்கே இருக்கிறது என்ற தகவலையும் நிரலுக்குள் திணிக்காமல் எங்கோ வைத்திருக்க வேண்டும். இதில் அரைகுறையாக நிற்கும் கருவியைக் குழுக்கள் சில வாரங்களிலேயே ஓரங்கட்டிவிட்டு, நிரலுக்கே திரும்பிவிடும்.

2023 டிசம்பரில் வந்த எக்ஸ்ஸ்டேட்டின் ஐந்தாம் பதிப்பு, இத்தகைய கருவிகளில் ஒரு பெரிய புதுப்பிப்பு எப்படி இருக்கும் என்பதற்குச் சிறந்த மாதிரி. நான்காம் பதிப்பில் மையமாக இருந்தது பொறி. ஐந்தாம் பதிப்பில் மையத்துக்கு வந்தது ஆக்டர். அதாவது தனக்கென உள்நிலை வைத்துக்கொண்டு, மற்றவற்றோடு செய்தி அனுப்பி மட்டுமே பேசும் தனி அலகு. 1973-இல் கார்ல் ஹெவிட்டும் கூட்டாளிகளும் முன்வைத்த கருத்து இது. நிலைப்பொறியும் ஓர் ஆக்டர், பின்னால் வரவிருக்கும் விடையைக் குறிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பொருளான பிராமிஸும் ஓர் ஆக்டர் என்று எல்லாம் ஒரே குடையின் கீழ் வந்தன. அதற்கேற்பப் பெயர்கள் மாறின: 'இன்டர்ப்ரெட்' போய் 'கிரியேட்ஆக்டர்' வந்தது, 'கான்ட்' என்றிருந்த காவல் நிபந்தனை 'கார்ட்' ஆனது, 'சர்வீசஸ்' என்பது 'ஆக்டர்ஸ்' ஆனது. நிகழ்வை வெறும் சொல்லாக அனுப்ப முடியாது, பொருளாகவே அனுப்ப வேண்டும் என்ற விதியும் வந்தது. நான்காம் பதிப்புக் காலத்தில் வகைச் சோதனைக்காகத் தனிக் கோப்புகளை உருவாக்கித் தந்த டைப்ஜென் வசதி ஐந்தாம் பதிப்புக்குத் தொடரவில்லை; அந்த வேலையைப் பெருமளவுக்கு 'செட்டப்' என்ற செயற்கூறு ஏற்றுக்கொண்டது. தானாக உருவாகும் கோப்புகள் களஞ்சியத்தில் சேர்ந்துகொண்டே போகும் தொல்லை இதனால் ஒழிந்தது. நல்ல மாற்றம்.

பெயர் மாற்றங்கள் எரிச்சலூட்டலாம், ஆனால் ஆபத்தில்லாதவை. பழைய பெயர் இருந்தால் டைப்ஸ்கிரிப்ட் சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும். ஆபத்து இருப்பது வேறு இரண்டு மாற்றங்களில். நான்காம் பதிப்பில் சூழல் தரவை மாற்றும் செயல்கள், எழுதிய வரிசை எதுவாயினும், மற்ற செயல்களுக்கு முன்னால் ஓடின. ஐந்தாம் பதிப்பில் எல்லாச் செயல்களும் எழுதிய வரிசையிலேயே ஓடும். இது தெளிவாகவே முன்னேற்றம், ஆனால் பழைய வரிசையைத் தெரியாமலே நம்பியிருந்த நிரல் மௌனமாக வேறு விடை தரும். இரண்டாவது இன்னும் நுட்பமானது. ஒரு தாய்நிலையிலிருந்து அதன் சொந்த உள்நிலைக்கு அம்பு போகும்போது தாய்நிலையிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைய வேண்டுமா, உள்ளேயே நகர வேண்டுமா? எஸ்சிஎக்ஸ்எம்எல் தரத்தில் வெளியேறி நுழைவதே இயல்புநிலை. ஐந்தாம் பதிப்பில் உள்ளேயே நகர்வது இயல்புநிலை. மீள்நுழைவு வேண்டுமென்றால் 'ரீஎன்டர்' என்று தனியே சொல்ல வேண்டும். வெளியேறி நுழைந்தால் தாய்நிலையின் நேரங்காட்டி மறுபடி தொடங்கும், அது அழைத்த ஆக்டர் நின்று புதிதாகப் பிறக்கும். உள்ளேயே நகர்ந்தால் இரண்டும் நடக்காது. மின்கட்டணப் பக்கத்தில் 'மீண்டும் முயல்' என்ற அம்பு இப்படி வரையப்பட்டிருந்தால், ஐந்து நிமிடக் காலக்கெடு புதிதாகத் தொடங்குமா, பழையதே ஓடுமா என்பது இதைப் பொறுத்தது. அம்பு தொடங்கும் இடமும் முடியும் இடமும் இரண்டு பதிப்பிலும் ஒன்றே. அதனால்தான் இத்தகைய மாற்றத்தைப் பதிப்புக் குறிப்பின் முதல் பக்கத்தில் வைக்க வேண்டும். படத்திலேயே மீள்நுழைவைக் கண்ணில் படும்படி வேறுபடுத்திக் காட்டவும் வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் பொறிகளின் கதி இன்னொரு கேள்வி. அமேசான் வெப் சர்வீசஸ் 2016-இல் கொண்டுவந்த ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் சேவையில் ஓர் ஓட்டம் ஓராண்டு வரைகூட நீளலாம். அதன் நிலைகள் ஸ்டேட்சார்ட் நிலைகளிலிருந்து வேறுபட்டவை. பெரும்பாலும் ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததற்குப் போகும் படிகள். ஆனாலும் படம்–நிரல் சிக்கல் அங்கும் உண்டு. தொடக்கத்தில் ஜேசன் வடிவில் எழுதினால் படம் தெரியும். 2021-இல் வொர்க்ஃப்ளோ ஸ்டுடியோ வந்த பிறகே படத்தை இழுத்துப்போட்டு வரைய முடிந்தது. வரையறையை இடையில் மாற்றினால், ஏற்கெனவே தொடங்கிய ஓட்டங்கள் பழைய வரையறையிலேயே முடியும். புதிய ஓட்டங்கள் புதியதில் தொடங்கும். 2023-இல் பதிப்புகளுக்கு எண்ணும் மாற்றுப்பெயரும் தரும் வசதி சேர்ந்தபோது, புதிய வரையறைக்குச் சிறு பங்கு ஓட்டங்களை மட்டும் முதலில் அனுப்பிப் பார்ப்பது எளிதானது. எக்ஸ்ஸ்டேட்டில் இந்தப் பொறுப்பு பயனருடையது. பொறியின் நிலையைச் சேமித்துவைத்துப் பிறகு உயிர்ப்பிக்கலாம். ஆனால் இடையில் ஒரு நிலையின் பெயரை மாற்றியிருந்தால், சேமித்த நிலை புதிய படத்தில் இல்லாத இடத்தைச் சுட்டும். படத்தில் பெயர் மாற்றுவதை ஒரு சொடுக்கில் முடிக்கவிடும் கருவிகள் இந்த இடத்தில் எச்சரிக்கை தர வேண்டும்.

சோதனை வழிகளை உருவாக்குதல் அதிகம் பேசப்படாத, ஆனால் மிகப் பலன் தரும் வசதி. படம் கணிதத்தில் கோட்டுரு எனப்படும் அமைப்பாக இருப்பதால், தொடக்க நிலையிலிருந்து ஒவ்வொரு நிலைக்கும் போகும் மிகக் குறுகிய பாதைகளைக் கணினியே கண்டுபிடித்துத் தரும். எக்ஸ்ஸ்டேட்டில் இதற்கான செயற்கூறுகள் உண்டு. எந்தப் பாதையிலும் எட்டாத நிலை இருந்தால் அதுவும் தெரிந்துவிடும். ஓடும் நிரலைப் படத்தின் மீதே நேரடியாகக் காட்டும் ஆய்வுக்கருவியும் இந்த வகையே. ஸ்டேட்லியின் ஆய்வுக்கருவி ஆக்டர்களுக்கிடையே போகும் செய்திகளை வரிசைப் படமாகவும் காட்டுகிறது. படம் சொல்வதும் நிரல் செய்வதும் ஒன்றா என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

சொல்லில் விவரித்தால் செயற்கை நுண்ணறிவு படத்தை வரைந்து தரும் வசதி அண்மைய அறிவிப்புகளில் முன்வரிசையில் நிற்கிறது. நிரலை நேரடியாக எழுதித் தருவதைவிட இது ஒருவகையில் நல்லது: உருவான பொறியை, நிரல் அறியாத வங்கி அலுவலரும் செவிலியரும்கூடப் பார்த்து, 'இங்கே ஓர் அம்பு குறைகிறது' என்று சொல்ல முடியும். எட்டாத நிலைகளையும், வெளியேற வழியில்லாத நிலைகளையும் கருவி தானாகவே சுட்டிக்காட்டலாம். ஆனால் வரைந்து தருவதோடு நின்று, சரிபார்ப்பைப் பயனர் தலையில் விட்டுவிடும் கருவி பாதி வேலைதான் செய்கிறது.

விமானம், கார் போன்ற உயிர்காப்புத் துறைகளில் புதுப்பிப்பு என்ற சொல்லே தயக்கத்தோடு கேட்கப்படுகிறது. விமான மென்பொருளுக்கான டிஓ-178சி விதிகளின்படி, ஒரு கருவி உருவாக்கும் நிரலைத் தனியே சோதிக்காமல் நம்ப வேண்டுமானால், அந்தக் கருவியே தகுதிச் சான்று பெற வேண்டும். இத்துறையில் புழங்கும் ஸ்கேட் என்ற கருவியின் நிரலாக்கி அப்படித் தகுதி பெறத்தக்கதாகவே வடிவமைக்கப்பட்டது. அதன் நிலைப்பொறிகளின் பொருள் கணித நுட்பத்தோடு வரையறுக்கப்பட்டிருக்கிறது. இந்தத் துறைக் குழுக்கள் ஒரு பதிப்பைத் தேர்ந்து பல ஆண்டுகள் அதிலேயே நிற்கும். புதுப்பிப்பு வேகத்தை வளர்ச்சியின் அடையாளமாகக் கருதும் இணையத் துறை இவர்களிடமிருந்து கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

இணையத்துக்கான கருவிகளில் ஸ்டேட்லியும் எக்ஸ்ஸ்டேட்டும் ஹாரெலின் கருத்தை மிக முழுமையாக ஏந்தியிருக்கின்றன; ஐந்தாம் பதிப்பின் வடிவமைப்பு நான்காம் பதிப்பைவிடத் தெளிவானது என்பதில் ஐயமில்லை. எக்ஸ்ஸ்டேட்டின் நிரல் கட்டற்ற உரிமத்தில் இருப்பதும், படத்தை ஜேசனாக வெளியே எடுக்க முடிவதும், ஒரு நிறுவனத்தின் கருவியை நம்பி இறங்குபவருக்கு உண்மையான காப்பு. புதிய பதிப்புக்கு மாற நினைக்கும் குழு, பதிப்புக் குறிப்பில் புதிய வசதிகளின் பட்டியலை விட்டுவிட்டு, அம்புகளின் முன்னுரிமை, செயல்களின் வரிசை, மீள்நுழைவு, சேமித்த நிலைகளின் பொருத்தம் ஆகிய நான்கையும் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று முதலில் படிக்கட்டும். அந்த நான்கையும் தன் பொறிகளில் ஓட்டிப் பார்த்த பிறகு மாறட்டும்.